புழுவுக்கு ஆகாதது

காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பீர்கள்? நான் கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது இதுதான். ஐந்து நிமிடத்துக்குள் என்று சொன்னால் அந்தப் பையனை நிகோடின் நன்றாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் தாண்டும் என்றால் இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை. இளவயதுக்காரர்களின் புகைப்பழக்கம் பற்றி ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வு நடத்தியது. அதற்காக இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு காரிமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அலைந்தேன்.

பதில் பல மாதிரி வரும். "டீக்கடை தொறக்கணுமே சார்" என்பான் ஒருவன். "கக்கூஸ் போவணும்னாலே அது வேணும் சார்" என்பான் இன்னொருவன். ரஞ்சித்குமார் சொன்னது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

"நான் முழிக்கறதுக்கு முன்னாடியே அது முழிச்சிக்கும்ணா. அதுதான் என்னை எழுப்பி வுடும்."

அவனுக்கு இருபத்தொரு வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்தவன். தூக்கத்தை விரட்டப் பிடித்த பழக்கம், வேலை போய் ஊருக்கு வந்த பிறகும் கூடவே வந்துவிட்டது. விட்டுவிட வேண்டும் என்று அவனே சொன்னான். அப்படிச் சொல்கிறவர்களை நாங்கள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவோம். அவர் பார்த்துவிட்டு, மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்ள ஒரு மருந்து கொடுப்பார். பார்க்க பபுள்கம் மாதிரியே இருக்கும். அதன் பிறகு வாரா வாரம் நான் போய், கையடக்கமான ஒரு மிஷினில் அவனை ஊதச் சொல்லி, மூச்சில் புகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையன் சொன்ன எதையும் வீட்டாரிடம் சொல்லக் கூடாது. அது கண்டிப்பான விதி.

எனக்கு ஊர் வேதாரண்யம் பக்கம். உப்பளத்து மண்ணில் வளர்ந்தவனுக்கு இந்தச் சிவப்பு மண்ணும், எங்கே திரும்பினாலும் வழியை மறித்து நிற்கும் பாறைக் குன்றும் பழகவே இல்லை. காரிமங்கலத்தில் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே ஓர் அறை. பகலெல்லாம் யார் யார் மூச்சையோ அளந்துவிட்டு வந்து படுத்தால், பேச ஆள் கிடையாது. சில நாள் கடைசியாக நான் வாய்விட்டுப் பேசியது பஸ்ஸில் ஊர் பெயரைச் சொன்னதாகத்தான் இருக்கும்.

அதனால் ரஞ்சித் வீட்டுக்குப் போகிற நாளை நான் எதிர்பார்க்க ஆரம்பித்தேன். அந்த வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள்.

வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கட்டடம்தான் புழு மனை. சன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்திருக்கும். உள்ளே இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகள், மூன்று அடுக்காக. நடுவில் ஓர் ஆள் போகிற வழி. வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர்த் தொட்டி. அதில் கால் நனைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, மனைக்கென்றே ஆணியில் தொங்கும் பழைய லுங்கிக்கு மாறிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

முதல் தடவை நான் போனபோது ரஞ்சித்தின் அம்மா ராணியம்மாள் வாசலிலேயே கையை நீட்டி நிறுத்திவிட்டார்.

"அங்கியே நில்லுங்க சார். எதுல வந்தீங்க?"

"பஸ்லதாங்க."

மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஓரடி கிட்ட வந்தார். "நாறுது."

"நான் சிகரெட்டெல்லாம் குடிக்கிறதில்லைங்க."

"நீங்க குடிக்கல. உங்க சட்டை குடிச்சிருக்குது."

உண்மைதான். காலையிலிருந்து டீக்கடை பெஞ்சுகளில் புகைக்கிற பையன்களோடு உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். தழை அறுக்கக் கூலிக்கு வந்திருந்த சின்னம்மாள், தலையில் மல்பெரிக் கட்டோடு நின்று சிரித்தது.

"பொண்ணு குடுக்கறவங்ககூட மாப்பளைய இப்பிடி மோந்து பாக்க மாட்டாங்க ராணி."

"நீ வேற. புகையில வாசம்னா இதுங்களுக்கு எமன். புகையில போட்ட கையால தழையத் தொட்டாப் போதும், மறுநாளு கக்கிக் கக்கிச் சாவும். அதுக்காவத்தான் நானு வெத்தலைகூடப் போடறதில்ல."

வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைச் சாறு. களியை எங்கள் பக்கம் சாப்பிட்டதில்லை. கையில் ஒட்டிக்கொண்டது. ஒரு கவளத்தை நான் மென்றுகொண்டே இருப்பதைச் சின்னம்மாள் பார்த்துவிட்டது.

"அய்யோ, களியைக் கடிக்கறாரு பாரு! முழுங்குங்க சார். வழுக்கிக்கிட்டு அதுவே போயிரும்."

விழுங்கினேன். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் போன மகசூலின் கதையை ராணியம்மாள் சொன்னார். ரஞ்சித் ஓசூரிலிருந்து வந்த புதிது. நாலாம் தோலை உரித்துவிட்டு, கூடு கட்ட ஒரு வாரம் இருந்தபோது புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வாரிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். நான் குடிக்கவே இல்லை என்று ரஞ்சித் சத்தியம் செய்தான். அப்புறம் மனைக்குப் பின்னால், சன்னலுக்குக் கீழே, சிகரெட்டின் பஞ்சு கிடந்ததை ரஞ்சித்தின் அப்பா நஞ்சப்பன் பார்த்தார்.

"கத்துவாருன்னு பாத்தேங்க. ஒண்ணும் பேசல. அந்தப் பஞ்ச எடுத்தாந்து, இவன் சாப்புட்டுக்கிட்டு இருந்த தட்டு ஓரத்துல வெச்சாரு. களிக்குப் பக்கத்துல. வெச்சிட்டு, இன்னொரு வாட்டி உன்னால புழு செத்துச்சின்னா நீ இந்த வூட்டுல இல்லடான்னாரு. அவ்ளோதான். இவன் தட்டுலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சிட்டான். மறுநாளு வந்து, நான் வுட்டுட்டேம்மா, என்னைய மனைக்குள்ள சேத்துக்கோன்னு அழுவறான். நாந்தான் அவரு கால்ல வுழாத கொறையாக் கேட்டு உள்ள வுட்டேன்."

"அப்பாவுக்கு இந்தப் பழக்கமே கிடையாதுங்களா?"

"கட்டுக் கட்டாப் பீடி குடிச்சவரு. இந்த மனை கட்டுன அன்னிக்கு வுட்டாரு. எட்டு வருசமாச்சி. ஒரே நாள்ல வுட்டாரு. அதான் இவன் தெணறுறது அவருக்குப் புரிய மாட்டேங்குது."

நஞ்சப்பன் அதிகம் பேசாத ஆள். ஒல்லி, உயரம். தழைக்கட்டைத் தோளில் சுமந்து சுமந்து ஒரு பக்கத் தோள் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்தால் "வாங்க" என்பார். அதோடு சரி.

நான் ஊத வைக்க வருவது வீட்டுக்குத் தெரியும். மருந்து மெல்லும் விஷயத்தை மட்டும் ரஞ்சித் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"வுட்டுட்டேன்னு சொல்லிட்டனே. அப்பறம் எதுக்கு மருந்துன்னு கேப்பாரு. நான் ஒரே நாள்ல வுடலியான்னு கேப்பாரு. நீங்களும் சொல்லிராதீங்கணா."

"நான் சொல்ல மாட்டேன்."

ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தபோது இந்த மகசூலின் புழுக்கள் நாலாம் தோலை உரிக்கும் தூக்கம் முடிந்து எழுந்தன. எழுந்ததிலிருந்து அசுரப் பசி. விடியலிலும் மத்தியானத்திலும் பொழுது சாயும்போதும், தோட்டத்திலிருந்து மல்பெரிக் கிளைகளை வெட்டி வந்து, படுக்கையின்மேல் அப்படியே பரப்ப வேண்டும். பரப்பி முடித்துத் திரும்பினால் முதலில் போட்ட இடத்தில் வெறும் குச்சி கிடக்கும். நாலு பேருக்கும் கை ஓயாது. மனையின் இடது பக்கம் ரஞ்சித்தின் பொறுப்பு, வலது பக்கம் ராணியம்மாள். வெட்டுவதும் சுமப்பதும் நஞ்சப்பன், சின்னம்மாள். நான் வாசல் படியில் நின்று பார்ப்பேன். ரஞ்சித் கிளையை உதறிப் பரப்புகிற விதம் அவன் அம்மாவைப் போலவே இருக்கும்.

வாரா வாரம் ஊதியதில் மிஷினும் நல்லதையே காட்டியது. அவன் நிஜமாகவே விட்டிருந்தான். நான் பார்த்த பையன்களில் இப்படி விட்டவர்கள் மிகக் கொஞ்சம். எனக்குள் ஒரு சந்தோஷம். சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த தடவை நான் போய்ச் சேர்ந்தபோது மனைக்கு வெளியே வீட்டார் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. ராணியம்மாள் கையில் ஒரு முறம். அதில் புழுக்கள். தலையைப் பின்னால் தூக்கிக்கொண்டு, வாயிலிருந்து பச்சை நீரைக் கக்கிக்கொண்டு, சில இன்னும் நெளிந்தன.

"எந்தப் பக்கம்?" என்றார் நஞ்சப்பன்.

ராணியம்மாள் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, உன்னத்தான். எந்தப் பக்கம்?"

"எடது பக்கந்தாங்க. நடு அடுக்கு. அதுக்குக் கீழயும் கொஞ்சம்."

"வலது பக்கம்?"

"அல்லாம் நல்லாத்தான் மேயுது."

நஞ்சப்பன் மகனைப் பார்த்தார். "எங்க குடிச்ச?"

"நான் குடிக்கலப்பா."

"எங்க குடிச்சன்னு கேக்கறேன்."

"சத்தியமா குடிக்கலப்பா. அம்மா மேல சத்தியம்."

"அவள எதுக்குடா இழுக்கற? போன வாட்டியும் இதேதான் சொன்ன."

"போன வாட்டி பொய் சொன்னேன். இந்த வாட்டி சொல்லல."

அப்போதுதான் ராணியம்மாள் என் பக்கம் திரும்பினார். "சார், உங்ககிட்ட ஊதற மிஷின் இருக்குதில்ல? இவர் முன்னாடியே அவன ஊதச் சொல்லுங்க. தெரிஞ்சிரும்."

விதிப்படி அது கூடாது. நான் ரஞ்சித்தைப் பார்த்தேன். அவன் மிஷினுக்காகக் கையை நீட்டினான்.

மூச்சை இழுத்து, அடக்கி, மெதுவாக ஊதினான். காற்று வேகமாக இருந்ததால் நான் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன். எண் வந்தது. புகையே குடிக்காத என் மூச்சில் வருகிற எண்தான் அவன் மூச்சிலும் வந்தது.

"குடிக்கலைங்க" என்றேன். "நேத்தும் இன்னைக்கும் நிச்சயமா குடிக்கல."

ராணியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி மனையைப் பார்த்துக் கும்பிட்டார். நஞ்சப்பன் மிஷினை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என்னிடமே கொடுத்தார்.

"உங்க மிஷின் ஒண்ணு சொல்லுது. என் புழு ஒண்ணு சொல்லுது. நான் புழுவத்தாங்க நம்புவேன்."

"ஏங்க, சார் படிச்சவரு..."

"அவரு வேலைக்குப் புள்ள வேணும், அவன் இந்த மிஷின் பரிச்சையில பாஸாவணும். இதுங்களுக்கு என்ன வேணும்? எதுக்குப் பொய் சொல்லணும்?" மகனிடம் திரும்பினார். "சாயங்காலம் வரைக்கும் டைம். துணிமணி எடுத்துக்க."

ரஞ்சித் மல்பெரித் தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டான். நஞ்சப்பன் கால் கழுவி மனைக்குள் போனார், செத்த புழுவைப் பொறுக்க. நான் போவதா இருப்பதா என்று தெரியாமல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மிஷினும் பொய் சொல்லாது. அந்த மனுஷன் சொன்னபடி, புழுவும் பொய் சொல்லாது.

கொஞ்ச நேரத்தில் ராணியம்மாள் வெளியே வந்தார். இடது பக்கத் தாங்கியைக் கழுவ உள்ளேயிருந்த குப்பையை வாரி எடுத்து வந்திருந்தார். அதிலிருந்து எதையோ பொறுக்கி என்னிடம் நீட்டினார்.

"இதப் பாருங்க சார். பபுள்கம்மு. எருமை மாதிரி எந்நேரமும் அசை போடறான்னு பாத்தா, தின்னுட்டுத் தாங்கிக் கம்பிலயே ஒட்டி வெச்சிருக்கறான். நாலு எடத்துல. இவனையெல்லாம் எங்க கொண்டு போயி..."

நான் வாங்கவில்லை. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நானே அவனுக்கு வாங்கிக் கொடுத்த மருந்து.

"கையை நல்லாக் கழுவிடுங்கம்மா" என்றேன். "சோப்புப் போட்டு."

"ஏனுங்க?"

"சும்மாதான். எச்சில் பட்டது."

தோட்டத்தில் வாய்க்கால் வரப்பில் அவன் உட்கார்ந்திருந்தான். என் தலையைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வாய் அசைந்துகொண்டிருந்தது.

"ரஞ்சித், மருந்தை வாயிலேர்ந்து எடுத்து எங்க வைப்ப?"

"அப்பா வந்தா எடுத்துருவேண்ணா. கம்பில ஒட்டி வெச்சிட்டு, அவர் போனதும் போட்டுக்குவேன். வேஸ்ட் பண்ணக் கூடாதில்ல."

"எடுத்த கையைக் கழுவுவியா?"

"உள்ள வரும்போது கழுவித்தாண்ணா வர்றேன். அப்பறம் உள்ளயேதான இருக்கறேன், எதுக்குத் திரும்பத் திரும்ப..."

நிறுத்திவிட்டான். வாய் அசைவதும் நின்றது.

"அதுல புகையில இல்லீணா. மருந்துன்னுதான சொன்னீங்க."

"மருந்துதான். ஆனா புகையிலையில இருக்கிற அதே நிகோடினத்தான் அளவாப் போட்டிருக்காங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு விட வைக்கிறதுக்கு."

அவன் தன் விரல்களைப் பார்த்தான். வலது கையின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தான். பிறகு இரண்டு கையையும் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"அப்ப நாந்தான்."

"நான் யோசிச்சிருக்கணும். உங்கம்மா அத்தனை தடவை சொன்னாங்க. எனக்குத் தோணவே இல்ல."

"உங்களுக்குப் புழுவப் பத்தி என்னணா தெரியும்" என்றான். கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் உங்கப்பாகிட்டப் பேசட்டுமா? நீ சரின்னு சொன்னாத்தான் பேச முடியும்."

"வேணாம். நீங்க சொன்னா மிஷினுக்காரரு மழுப்பறாருன்னு சொல்லுவாரு. நானே சொல்றேன்."

நஞ்சப்பன் துவைகல்லில் உட்கார்ந்து கையிலிருந்த சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். ரஞ்சித் கொஞ்சம் தள்ளியே நின்றான். சட்டைப் பையிலிருந்து மருந்து அட்டையை எடுத்துக் காட்டினான்.

"அப்பா, நான் சிகரெட்டு குடிக்கல. ஆனா புழு செத்தது என்னாலதான்."

தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னான். கம்பியில் ஒட்டி வைத்ததையும் சொன்னான். நஞ்சப்பன் கழுவுவதை நிறுத்தவில்லை. கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"இதத் தின்னாத்தான் உன்னால இருக்க முடியுமா?"

"ஆமாப்பா."

"எத்தினி நாளைக்கு?"

ரஞ்சித் என்னைப் பார்த்தான். "மூணு மாசம் வரைக்கும் ஆகலாங்க" என்றேன்.

"மூணு மாசத்துல அடுத்த மகசூலும் வந்து போயிரும்." சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "ஒண்ணு, அத வுட்டெறிஞ்சிட்டு உள்ள வா. இல்ல, அத வெச்சிக்கிட்டு மனை, தழை ஒண்ணையும் தொடாம அக்கட்டால தள்ளி இரு."

ராணியம்மாள் ஓடி வந்து மகனின் கையைப் பிடிக்கப் போனார். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஒரு வாரம்டா கண்ணு. கூடு கட்டற வரைக்கும். ஒரு வாரம் அதத் திங்காம இருக்க முடியாதா?"

"வுட்டா சிகரெட்டுக்குப் போயிருவேம்மா. எனக்குத் தெரியும்." மருந்து அட்டையைச் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்தான். "இன்னொரு வாட்டி பொய் சொல்ல என்னால ஆவாது. நான் அக்கட்டாலயே இருக்கறேன்."

துணிமணியை எடுத்துக்கொள்ளச் சொன்னதைப் பற்றி அப்பாவும் பேசவில்லை, மகனும் கேட்கவில்லை. ரஞ்சித் பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்து மூலையில் இருந்த மோட்டார் ரூமுக்குப் போய்விட்டான்.

அந்த வாரம் நான் கூடுதலாக ஒரு தடவை போனேன். வேலை ஒன்றும் இல்லை. என்னால் அறையில் இருக்க முடியவில்லை. நஞ்சு பட்ட அடுக்கை முழுசாக எடுத்துக் குழியில் போட்டிருந்தார்கள். மற்ற புழுக்கள் தப்பித்திருந்தன. ரஞ்சித்தின் வேலையைச் சின்னம்மாள் பார்த்தது. மூன்று பேரும் வியர்வை வழிய ஓடிக்கொண்டிருக்க, அவன் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் புழுவைத் தவிர வேறு வேலை கிடையாது. அவன் தொடக்கூடியதாக இரண்டு ஆடுகள் மட்டும் இருந்தன. சாப்பாட்டை ராணியம்மாள் வரப்பில் வைத்துவிட்டுப் போவார். தட்டைக்கூட அவனே கழுவித் தனியாக வைத்துக்கொண்டான்.

"போர் அடிக்குதா?" என்று கேட்டேன்.

"ஓசூர்ல ஆயிரம் பேரு கூட வேலை செஞ்சேண்ணா. அங்க யாருமே பேச மாட்டாங்க. அது பரவால்ல. இங்க சத்தம் கேக்குது. அம்மா சின்னம்மாள திட்டறது, அவங்க சிரிக்கறது, அல்லாம் கேக்குது. அதுதான்..."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த விஷயம் அது.

அன்றைக்கு நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது நஞ்சப்பன் கூடவே நடந்து வந்தார். அப்படி வந்ததே இல்லை. ரோட்டோரப் புளிய மரத்தடிக்கு வந்ததும் நின்றார்.

"அந்த மருந்து, பெரியவங்களுக்கும் குடுப்பீங்களா?"

"டாக்டர் பாத்துட்டுக் குடுப்பாங்க. யாருக்குங்க?"

காற்றில் துண்டு பறந்தது. இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"நான் வுடலீங்க."

எனக்குப் புரியவில்லை.

"எட்டு வருசமா வுட்டுட்டேன்னு ஊரே சொல்லுது. வுடலீங்க. மகசூலு முடிஞ்சி கூடு விக்க தருமபுரி போவனில்ல, அன்னிக்கு ஒண்ணு. ஒரே ஒரு பீடி. மார்க்கெட்டுக்கு வெளிய ஒரு பொட்டிக்கடை இருக்குது. குடிச்சிட்டு, பஸ் ஸ்டாண்டுல மூஞ்சி கை காலு கழுவி, வூட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்குவேன். அடுத்த புழு வர்றதுக்கு நாளு இருக்கும். ஒண்ணும் ஆவாது. ராணிக்கே தெரியாது."

"ஒண்ணுதானங்க. அது..."

"ஒண்ணுதான். ஆனா அடுத்த மகசூலு முடியற வரைக்கும் அந்த ஒண்ணத்தான் நெனச்சிக்கிட்டு இருப்பேன். தழை வெட்டறப்ப, சோறு திங்கறப்ப. அவன் தட்டுல அந்தப் பஞ்ச வெச்சேன் பாருங்க, அன்னிக்கு அந்த வாசத்துல எனக்கு வாயி ஊறுச்சி." மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இத எழுதிக்காதீங்க."

"உங்க வயசு எங்க ஆய்வுல வராதுங்க."

சிரித்தார். அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இத ரஞ்சித்கிட்ட ஒரு தடவை சொன்னீங்கன்னா..."

"பஸ்ஸு வருது பாருங்க" என்றார்.

புழுக்கள் மஞ்சளாகக் கண்ணாடி போல ஆகி, தலையை ஆட்டி நூல் விட ஆரம்பித்தன. கூடு கட்டி, உள்ளே இறுகி, எடுக்கிற நாள் வந்தது. எனக்கும் அந்தப் பக்கத்தில் கடைசி நாள் அதுதான். ஏரியூர்ப் பக்கத்து ஊர்களுக்கு மாற்றியிருந்தார்கள். தருமபுரி வரைக்கும் அவர்களோடேயே போய்விடலாம் என்று காலையிலேயே போய்விட்டேன். டெம்போவில் பட்டுக்கூட்டு மூட்டைகளை ஏற்றியாகிவிட்டது. நஞ்சப்பன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். அவர் ஏறவில்லை. மோட்டார் ரூம் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"டேய், வா இங்க. நீ போயி வித்துட்டு வா."

ராணியம்மாள் திகைத்துவிட்டார். "ஏங்க, எப்பவும் நீங்கதான போவீங்க? வெள்ளையெல்லாம் கட்டிக்கிட்டு..."

"கூடு கட்டிருச்சில்ல. இனிமே எவன் கை பட்டா என்ன? அவனே போவட்டும்."

ரஞ்சித் ஓடி வந்தான். வாயில் இருந்ததைத் துப்பிக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தான். டெம்போ கிளம்பியது. நஞ்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனைப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்க்கெட்டில் ரஞ்சித் கூட்டைத் தொட்டியில் கொட்டிப் பரப்பினான். வெள்ளை வெளேர் என்று, கையில் எடுத்தால் கனமே இல்லாமல். ஏலக்காரர்கள் வந்து காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். இவன் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல விலைக்கே போனது. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னான். அந்தப் பக்கம் "செரி" என்று மட்டும் கேட்டது.

வெளியே வந்து டீ சொன்னோம்.

"எங்கப்பா இங்க வந்தா எப்பவுமே லேட்டாத்தாண்ணா திரும்புவாரு" என்றான். "வித்தமா வந்தமான்னு இருக்க மாட்டாரு. அப்பிடி என்னதான் பண்ணுவாரோ."

நான் டீயைக் குடித்தேன்.

அவன் அம்மாவுக்குப் பூ வாங்கப் போன நேரத்தில் என் போன் அடித்தது. நஞ்சப்பன்.

"பையன் பக்கத்துல இருக்கறானா?"

"பூ வாங்கப் போயிருக்காரு."

"வேற எங்கியும் போவலியே?"

"இல்லைங்க. மருந்துதான் வாயில. என் கண்ணு முன்னாடிதான் இருக்காரு."

"ம்ம்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அந்தப் பக்கம் காற்றின் சத்தம் கேட்டது. காலியான மனைக்குள்ளிருந்து பேசுகிறாரோ என்னவோ, குரல் எதிரொலித்தது.

"சார்."

"சொல்லுங்க."

"மார்க்கெட்டு கேட்டுக்கு எதுத்தாப்புல, ரோட்டுக்கு அந்தாண்ட, ஒரு பொட்டிக்கடை. பச்ச பெயின்ட்டு."

திரும்பிப் பார்த்தேன். இருந்தது.

"தொறந்திருக்குதுங்களா?"

"தொறந்திருக்குங்க."

அவர் மூச்சு மட்டும் கேட்டது. இத்தனை மாதம் எத்தனையோ பேரின் மூச்சை மிஷினில் பார்த்தவன், அன்றைக்குத்தான் ஒரு மூச்சைக் காதால் கேட்டேன். கடைக்காரர் புதுக் கட்டு ஒன்றைப் பிரித்து, ஒரு பீடியை உருவி, யாருக்கோ நெருப்புப்பெட்டியோடு நீட்டினார். அதை நான் சொல்லவில்லை. ரஞ்சித் பூவோடு ரோட்டைக் கடந்து வருகிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.